ஒரு படகு, ஒரு சின்ன எஸ்யூவி, இரண்டு ஹிட்ச்: வேளச்சேரியில் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

பின்னணி

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் மழை. வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில் இருக்கும் எங்கள் லேஅவுட்டின் கடைசி இரண்டு தெருக்களில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. 2015-லும் இதே தெருக்கள்தான். தரைத்தளத்தில் குடியிருந்த, டயாலிசிஸ் எடுத்துக்கொள்ளும் பெரியவர் ஒருவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனோம். மீட்புப் படகு எங்கள் தெருவுக்கு வந்தது மறுநாள். யாரையும் குறை சொல்ல முடியாது. அன்றைக்குப் பாதி ஊருக்குப் படகு தேவைப்பட்டது.

2024 ஜனவரியில் கூடிய குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொந்தமாக ஒரு படகு வாங்க முடிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்திலிருந்து பழைய ஃபைபர் துடுப்புப் படகு ஒன்று கிடைத்தது. நீளம் 3.4 மீட்டர், எடை 95 கிலோ. அதோடு 17 கிலோவில் ஒரு சின்ன எஞ்சினும். லேஅவுட்டில் இடம் இல்லை என்று, மேடவாக்கம் பக்கம் மேட்டில் இருக்கும் ஓர் உறுப்பினரின் ஷெட்டில் படகை வைத்தோம். தூரம் சுமார் 3 கிலோமீட்டர்.

படகை எப்படிக் கொண்டுவருவது என்ற கேள்வி வந்ததும் இன்னொரு உறுப்பினர் தன் எஸ்யூவியில் இழுத்து வருவதாகச் சொன்னார். 4 மீட்டருக்கு உட்பட்ட, முன்சக்கரத்தில் ஓடும் பெட்ரோல் வண்டி. அக்கறையுள்ள மனிதர், வயது முப்பத்தைந்து இருக்கும். பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒரு ட்ரெய்லரும் செய்தாயிற்று.

நான் வண்டிச் சட்டக வடிவமைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இதே சங்கத்தின் உறுப்பினர். முதல் ஹிட்ச் (ட்ரெய்லரை மாட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் இணைப்பு) மாட்டும்போது நான் ஊரில் இல்லை. இரண்டாவதை மாட்டச் சொன்னதே நான்தான். கீழே வரும் முடிவுகளில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் ஹிட்ச், ஜூன் 2024

வண்டி உரிமையாளர் ஒரு கடையில் விசாரித்து ஹிட்ச் மாட்டிக்கொண்டார். பொருத்துக் கூலியோடு 4,500 ரூபாய். எந்த வண்டிக்கும் பொருந்தும், தைரியமாக இழுக்கலாம் என்றார்களாம். எவ்வளவு எடை, என்ன ட்ரெய்லர் என்று கடையில் யாரும் கேட்கவில்லை. இவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

ஜூன் மாத ஞாயிறு ஒன்றில், காலை ஆறு மணிக்கு வெள்ளோட்டம். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் 45 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ட்ரெய்லர் இடமும் வலமுமாக அலைய ஆரம்பித்தது. அவர் பயந்து பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். அது சரியான செயல். அலைச்சல் அடங்கியது. மெதுவாகத் திரும்பி வந்து லேஅவுட்டுக்குள் நுழையும் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது, ட்ரெய்லரின் மூக்கில் இருக்கும் கப்ளர், தான் கவ்வியிருந்த ஹிட்ச்சின் இரும்பு உருண்டையான பாலை (ball) விட்டு எகிறிக் கழன்றது. பாதுகாப்புச் சங்கிலி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் நீளமாக. ட்ரெய்லரின் மூக்கு தரையில் உரசிக்கொண்டே வந்து பம்பருக்கு அடியில் செருகியது. பம்பர் பிளந்தது, ரிவர்ஸ் சென்சார் ஒன்று போனது. தெருவில் ஆள் இல்லாத நேரம், ஒருவருக்கும் அடி இல்லை.

கழற்றிப் பார்த்ததில்

அன்று மாலையே எனக்கு போன் வந்தது. ஊர் திரும்பியதும் வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தோம். மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன.

முதலாவது, பால். வெர்னியரில் 47.6 மி.மீ. காட்டியது. அது 1⅞ அங்குல பால். பட்டறைக்காரர் வாங்கிப் போட்டிருந்த கப்ளர் 50 மி.மீ. பாலுக்கானது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், கப்ளரின் பூட்டும் விழும். ஆனால் உள்ளே 2.4 மி.மீ. இடைவெளி. மேலிருந்து எடை அழுத்தும் வரை நிற்கும். வேகத்தடையில் மூக்கு மேலே எழும்பினால் நிற்காது. 50 மி.மீ. பாலும், 2 அங்குல பாலும் கூட ஒன்றல்ல. 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. சந்தையில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். பாலின் தலையிலும் கப்ளரின் மேலும் அளவு அச்சடித்திருக்கும். அந்த இரண்டு எண்களையும் ஒப்பிடாமல் பூட்டவே கூடாது.

இரண்டாவது, பிடிமானம். ஹிட்ச்சை டிக்கியின் தரைத் தகட்டில் இரண்டு போல்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். உள்ளே பின்தாங்கும் தகடு கிடையாது. ஸ்டெப்னியை எடுத்துவிட்டுப் பார்த்தால், ஒரு வாஷர் ஈரமண்ணில் அழுத்திய நாணயம் போலத் தகட்டுக்குள் புதைந்திருந்தது. அதைச் சுற்றிப் பெயின்ட் வளையம் வளையமாக வெடித்திருந்தது. போல்ட்டின் தலையில் தரக்குறியே இல்லை. இந்த வகை வண்டிகளில் லாரியைப் போலத் தனிச் சேஸிஸ் இல்லை. தகடுகளைப் பெட்டி வடிவில் மடித்து உருவாக்கிய இரண்டு நீள மெம்பர்கள்தான் சுமை தாங்குபவை. டிக்கித் தரை ஸ்டெப்னியைத் தாங்கும், ட்ரெய்லரைத் தாங்காது. பம்பருக்குப் பின்னால் இருக்கும் இழுகொக்கியில் மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது நின்றுபோன வண்டியை நேராக இழுப்பதற்கு. ட்ரெய்லர் இழுப்பதோடு நிற்காது. மேலும் கீழும் அழுத்தும், பக்கவாட்டிலும் தள்ளும்.

மூன்றாவது, எடை அமர்ந்த விதம். ட்ரெய்லர் 140, படகு 95, எஞ்சின் 17. துடுப்பு, கயிறு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் 28. ஆக 280 கிலோ. குளியலறை எடைக் கருவியைச் செங்கல் மேல் வைத்து, ட்ரெய்லரை வண்டியில் மாட்டும் உயரத்திலேயே சமமாக நிறுத்தி, மூக்கை அதன் மேல் இறக்கினோம். முள் 9 கிலோவில் நின்றது. மொத்த எடையில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் ஹிட்ச் மேல் இறங்கியது. பின்பாரம் கூடிய ட்ரெய்லர் அலையத்தான் செய்யும். வேகம் கூடக் கூட அந்த அலைச்சல் தானாக வளரும்.

இரண்டாவது தேர்வு

இந்த இடத்தில் விட்டுவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். “அங்கிள், டிசம்பர்ல அந்த நாற்காலியோட ஒரு கால் என் கையிலதான் இருந்துச்சு. இத எப்படியாவது சரியா செஞ்சுடலாம்” என்றார். அதற்கு மேல் நான் மறுக்கவில்லை.

வண்டியோடு வந்த கையேட்டில் ட்ரெய்லர் இழுப்பது பரிந்துரைக்கப்படவில்லை என்ற ஒரு வரி இருந்தது. வெளிநாட்டுக்குப் போகும் இதே மாடலின் கையேட்டில், பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு 400 கிலோ வரை அனுமதி இருந்தது. சர்வீஸ் சென்டரில் கேட்டோம். எழுத்தில் எதுவும் தர முடியாது, அந்தப் பகுதியில் பழுது வந்தால் வாரண்டி கேட்க முடியாது என்றார்கள். ஒளிவுமறைவில்லாத பதில். உரிமையாளர் அதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார். நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை 300 கிலோ, 40 கிலோமீட்டர் வேகம்.

அந்த மாடலுக்கென்றே செய்த, கழற்றி மாட்டும் பால் உள்ள ஹிட்ச் ஒன்றை வெளியிலிருந்து வரவழைத்தோம். எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். விலை கூடுதல்தான். ஆனால் அதில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருந்தது. ஹிட்ச் வாங்குபவர் முதலில் தேட வேண்டியது அந்தத் தகட்டைத்தான். அதில் இரண்டு எண்கள்: டி-மதிப்பு என்பது இழுவிசைக்கான எல்லை, எஸ்-மதிப்பு என்பது பாலின் மேல் செங்குத்தாக இறங்கும் எடைக்கான எல்லை. டி-மதிப்பைக் கணக்குப் போட வண்டியின் முழு எடையையும் ட்ரெய்லரின் முழு எடையையும் டன்னில் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்க வேண்டும். எங்கள் கணக்கு: 1.6 பெருக்கல் 0.28, வகுத்தல் 1.88, பெருக்கல் 9.81, விடை 2.34 கிலோ நியூட்டன். தகட்டில் இருந்த எண் அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

பொருத்திய நாள், ஆகஸ்ட் 2024

பின் பம்பரைக் கழற்றியதும் நான் தேடியது ஒன்றைத்தான். வலப்பக்க நீள மெம்பரின் அடியில் கறுப்பு சீலன்ட் தடிமனாகப் பூசியிருந்தது. பட்டறைத் தம்பி புட்டிக் கத்தியால் சுரண்டச் சுரண்ட, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூடி தெரிந்தது. நெம்பி எடுத்து டார்ச் அடித்தால், உள்ளே வெல்டு செய்த எம்12 (12 மி.மீ.) நட்டு. மரை புத்தம் புதிதாக மின்னியது. இடப்பக்கமும் அப்படியே. தொழிற்சாலையிலேயே ஹிட்ச்சுக்கென்று இடம் விட்டிருக்கிறார்கள். தகட்டில் புதிதாக ஓர் ஓட்டைகூடப் போட வேண்டியிருக்கவில்லை. அந்த நட்டுகள் இல்லாதிருந்தால் அன்றே வேலையை நிறுத்தியிருப்பேன்.

இரும்போடு இரும்பு சேரும் இடங்களில் சீலன்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்தோம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சீலன்ட் மென்மையான பொருள்; அதன் மேல் போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் நாளாக நாளாக அது நசுங்கும், போல்ட் தளரும். சுரண்டிய இடத்தில் துத்தநாக பிரைமர் அடித்தோம். 8.8 தர எம்12 போல்ட்டுகள். எல்லாவற்றையும் முதலில் கையால் ஏற்றி, ஹிட்ச்சை நடுவில் நிறுத்தி, பிறகு இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச்சில் 79 நியூட்டன் மீட்டர். தம்பிக்கு ஸ்பேனரில் உடம்பு எடையைக் கொடுத்து இறுக்கித்தான் பழக்கம். ரெஞ்ச் ‘டக்’ என்றதும் நிறுத்தச் சொன்னபோது, “இவ்ளோதானா சார், இன்னும் ஒரு சுத்து போகுமே” என்றார். போகும்தான். அந்த ஒரு சுற்றில் போல்ட் நீண்டுவிடும், நீண்ட போல்ட் பிடிக்காது.

மோதலைத் தாங்கும் பம்பர் பீமை எடுக்காமலே பொருந்தும் ஹிட்ச்சாகத்தான் தேர்ந்தெடுத்திருந்தோம். பால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின்னால் மோதும் வண்டியின் அடி நேராக மெம்பருக்குப் போகும், நம்பர் பிளேட்டும் மறையும், ரிவர்ஸ் சென்சாரும் கத்திக்கொண்டே இருக்கும். ஆகவே இழுக்காத நேரத்தில் பாலைக் கழற்றி வைப்பது என்று முடிவு.

பால் புதிதாக 50 மி.மீ. கப்ளரைப் பூட்டியதும் ட்ரெய்லரின் முன்சக்கர ஜாக்கியைச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றினோம். வண்டியின் பின்பக்கமே ஓர் அங்குலம் எழும்பியது, பூட்டு அசையவில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ஜூனில் செய்திருந்தால் கப்ளர் வாசலிலேயே கழன்றிருக்கும். சங்கிலியை இரண்டாக்கி, மூக்குக்கு அடியில் குறுக்காகப் போட்டோம். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையைத் தொடாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் தொட்டில் போல விழும்.

அடுத்து எடை. எஞ்சினைப் படகின் பின்பலகையிலிருந்து கழற்றி 2 மீட்டர் முன்னால் படுக்க வைத்தோம். படகின் முனை முட்டும் தடுப்பை 13 செ.மீ. முன்னே நகர்த்தி வெல்டு வைத்தோம். எடைக் கருவியில் 9 இருந்தது 27 ஆனது. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் பால் பின்சக்கரத்துக்கு 80 செ.மீ. பின்னால் இருக்கிறது. நெம்புகோல் கணக்கில் அந்த 27 கிலோ பின் அச்சில் 36 கிலோவாக இறங்கி, முன்சக்கரத்திலிருந்து 9 கிலோவை எடுத்துவிடும். முன்சக்கரத்தில் ஓடும் வண்டிக்கு, ஈரமான சரிவில், இது சின்ன விஷயம் இல்லை. அதனால் படகு இழுக்கும்போது பின்சீட்டில் ஆள் கூடாது, டிக்கியில் சாமான் கூடாது என்று வைத்தோம்.

ஒயரிங்கில் அரை நாள் போனது. எல்இடி விளக்கு ஒயரில் நேராக ஒட்டுப் போட்டால் வண்டியின் கட்டுப்பாட்டு யூனிட் குழம்பும்; இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு தனி லைன் எடுத்து, நடுவில் ரிலே பெட்டி வைத்து, 7 பின் சாக்கெட்டுக்குக் கொடுத்தோம். மஞ்சள் இட இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், வெள்ளை எர்த். எர்த்தை ஹிட்ச் பாலை நம்பி விடாமல் தனி ஒயராகவே கொண்டுபோனோம். ட்ரெய்லரைத் தண்ணீரில் இறக்கும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். சூடான பல்பு குளிர்ந்த நீரில் வெடிக்கும்.

காகிதம்

வெள்ளோட்டம் விடுவதற்கு முன் காப்பீட்டு முகவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று செப்டம்பரில் கூப்பிட்டோம். ட்ரெய்லரின் பதிவு எண் என்ன என்று கேட்டார். எங்களிடம் இல்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28)-ஆம் பிரிவு ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள்ளேயே ட்ரெய்லரையும் சேர்க்கிறது. 39-ஆம் பிரிவின்படி பதிவில்லாத வாகனம் பொது இடத்தில் ஓடக் கூடாது. 61-ஆம் பிரிவு ட்ரெய்லரின் பதிவு எண்ணை அதன் பக்கவாட்டிலும், இழுக்கும் வண்டியின் எண்ணை ட்ரெய்லரின் மீதும் காட்டச் சொல்கிறது. ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரித்ததில், தயாரிப்பாளரின் வகை ஒப்புதல் சான்று இல்லாமல் பட்டறையில் செய்த ட்ரெய்லரைப் பதிய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இது என் தவறு. போல்ட்டின் தரத்தைப் பார்த்தவன் ட்ரெய்லரின் தகுதியைப் பார்க்கவில்லை. ஜூனில் அது சாலையில் ஓடியதே சட்டத்துக்குப் புறம்பானது. அன்று யார் மீதாவது மோதியிருந்தால் காப்பீடு கைகொடுத்திருக்குமா என்பதே சந்தேகம். அன்றோடு சாலையில் இழுப்பதை நிறுத்தினோம். இரண்டாவது ஹிட்ச் இன்றுவரை சாலையில் ஒரு மீட்டர்கூட இழுக்கவில்லை.

அக்டோபர் 15

கனமழை எச்சரிக்கை வந்தது. வேளச்சேரிக்காரர்கள் வழக்கம்போல் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அந்த வரிசையில் 38,000 ரூபாய் ஹிட்ச் மாட்டிய இந்த எஸ்யூவியும் நின்றது. படகு மேடவாக்கம் ஷெட்டில். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: பதிவு எண்ணே கிடைத்திருந்தாலும் படகு வேண்டிய நாளில் இந்த வண்டி மேம்பாலத்தில்தான் இருக்கும். கீழே இறக்கினாலும் 3 கிலோமீட்டர் தண்ணீரில் ட்ரெய்லரோடு வர முடியாது. பத்து மாதம் இதைப் பேசியிருக்கிறோம், இதை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வாரக் கூட்டத்தில், இரண்டாவது தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கேட்டார்: “மழை எப்ப வரும்னு நமக்குத் தெரியாதா? ஐப்பசி பொறக்கும்போதே கொண்டாந்து வெச்சுட்டா, இழுக்குற வேலையே இல்லையே.”

இடம் இல்லை என்றுதானே ஷெட்டுக்கு அனுப்பினோம். பிள்ளையார் கோயில் மதிலோரம் அளந்து பார்த்தால் மூன்று மாதத்துக்கு மட்டும் இடம் இருந்தது. அந்த ஞாயிறே ஒரு குட்டி யானையில் படகை ஏற்றி வந்தோம். வாடகை 900 ரூபாய். ட்ரெய்லர் தனியாக இன்னொரு நடையில் வந்தது.

நவம்பர் 30

ஃபெஞ்சல் புயல் அன்று மதியத்துக்குள் கடைசித் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். ட்ரெய்லரின் மூக்கைத் தூக்க ஒருவர், பின்னால் தள்ள மூன்று பேர் போதுமாக இருந்தது. கோயிலிலிருந்து தண்ணீர் விளிம்புவரை 150 மீட்டர், கையாலேயே தள்ளிக்கொண்டு போனோம். எஞ்சினைத் தொடவே இல்லை, துடுப்புதான். மாலைக்குள் ஐந்து நடை. ஒன்பது பேரையும் இரண்டு ஆக்சிஜன் சிலிண்டர்களையும் வெளியே கொண்டுவந்தோம். அந்த டயாலிசிஸ் பெரியவர் இரண்டாவது நடையில் வந்தார், இந்த முறை பலகையில் உட்கார்ந்து.

மீண்டும் செய்வதென்றால்

ஹிட்ச்சைக் கடைசியாக வாங்குவோம். என்றைக்கு, எந்த வழியாக, எந்த வண்டி இழுக்கும் என்பதை முதலில் நடந்து பார்ப்போம். அடுத்தது ட்ரெய்லர்: வகை ஒப்புதலும் பதிவும் உள்ளதாகக் கிடைத்தால் மட்டும். அதன் பிறகு கையேடு, சர்வீஸ் சென்டர், காப்பீடு, மூன்றிடமும் எழுத்தில். வெளிநாட்டுக் கையேட்டின் 400 கிலோவை அடிப்படையாக எடுத்ததையும் நான் இன்னொரு முறை செய்ய மாட்டேன். வண்டி ஒன்றாக இருந்தாலும் இங்கே அந்த எண்ணுக்குப் பொறுப்பேற்க யாரும் இல்லை.

டிக்கித் தகட்டில் இருந்த இரண்டு ஓட்டைகளையும் வெல்டு வைத்து அடைத்தாயிற்று. இரண்டாவது ஹிட்ச் வண்டியிலேயே இருக்கிறது. பால் உறைபோட்டு என் வீட்டு அலமாரியில். படகை ஜனவரியில் திருப்பி அனுப்ப அதே குட்டி யானைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம். அக்டோபர் முதல் வாரம் மறுபடி கூப்பிடச் சொல்லித் தன் நம்பரைக் கோயில் சுவரிலேயே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.